யாரும் ஓடாமலே தாளம் ஓடும்

பறையிசைக் குழு ஒன்றில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் தனியாக அடிக்கும்போது வேகம் ஒரே மாதிரி நிற்கிறது. குழுவோடு சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே ஏறிவிடுகிறது. எங்கள் அண்ணன் என்னைத்தான் திட்டுகிறார். உண்மையிலேயே ஓடுவது நான்தானா?"

பெரும்பாலும் இல்லை. கச்சேரிக்காரர்கள் 'காலப்பிரமாணம் ஓடுது' என்று சொல்கிற இதே சிக்கல் பஜனையிலும் உண்டு, கைதட்டலிலும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் தட்டிக் காட்டும் கருவி) துணையில்லாமல் விரலால் தட்டச் சொன்னார்கள். தனியாகத் தட்டியபோது ஏறியதைவிட, இருவர் சேர்ந்து தட்டியபோது வேகம் அதிகமாக ஏறியது.

முதலில் தனியாக வாசிப்பவரைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதன் கட்டளையைக் கை நிறைவேற்றுகிறது; இரண்டிலும் சின்னச் சின்னப் பிசகுகள் உண்டு என்பது விங், கிறிஸ்டோஃபர்சன் ஆகியோர் 1973இல் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி. கை ஓர் அடியில் தாமதித்தால் அதற்கு முந்தைய இடைவெளி நீளும், அடுத்த இடைவெளி அதே அளவு குறையும். கையின் பிசகு இப்படித் தானாகவே ஈடாகிவிடுகிறது. கடிகாரத்தின் பிசகு மட்டும் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும்.

பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றதும் நிலைமை மாறுகிறது. ஒலியைக் கேட்டபின் கையை அசைக்க மனிதருக்குச் சுமார் 150 மில்லி விநாடியாவது வேண்டும். அதனால் அவர் அடித்ததைக் கேட்டு அதே அடியில் சேர்ந்துகொள்ள முடியாது. அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே கணித்து அடிக்கிறோம். பிறகு இருவருக்கும் இடையே விழுந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை அடுத்த அடியில் திருத்திக்கொள்கிறோம். இந்தத் திருத்தம் நமக்குத் தெரியாமலே நடக்கிறது. சேர்ந்திசையே இதனால்தான் சாத்தியம்.

ஆனால் அந்தத் திருத்தம் இரு பக்கமும் சமமாக இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பிடித்த இடம் இதுதான். கூட்டாக ஒலியெழுப்பும் பூச்சிகளிலும் சில மின்மினி இனங்களிலும் ஒரு வழக்கம் உண்டு: பக்கத்துப் பூச்சி தன்னைவிட முந்தினால், தன் முறையை முன்னே இழுத்துக்கொள்ளும், பிந்தினால் கண்டுகொள்ளாது. தாமஸ் வோல்ஃபும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, மனிதக் குழுக்களின் வேகம் ஏறுவதற்கும் இதே முன்னிழுப்பு ஒரு காரணம் என்கிறது. முந்தியவரை எட்டிப்பிடிக்கும் உந்துதல், பிந்தியவருக்காகக் காத்திருக்கும் உந்துதலைவிட வலுவானது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அடிக்கு அடி 500 மில்லி விநாடி. குழுவில் பத்துப் பேர். அத்தனை பேரும் சராசரியில் மிகச் சரி. ஒவ்வோர் அடியும் 10 மில்லி விநாடி திட்ட விலக்கத்தோடு (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) முன்னே பின்னே விழுகிறது, அவ்வளவுதான். இப்போது ஒவ்வோர் அடியிலும் முதலில் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் அடித்தால் முந்தியவர் சராசரியாகச் சுமார் 6 மில்லி விநாடி முன்னால் இருப்பார். நான்கு பேர் என்றால் 10. பத்துப் பேர் என்றால் 15! அந்த முந்தியவர் ஒரே ஆள் இல்லை. இந்த அடியில் ஒருவர், அடுத்த அடியில் வேறொருவர். எல்லோரும் அவரையே முழுதாகப் பின்பற்றினால் இடைவெளி 485 ஆகிவிடும். நிஜத்தில் திருத்தம் பகுதிதான் என்பதால் இவ்வளவு ஏறாது. ஆனால் ஏறும் திசை மட்டும் மாறாது.

அப்புறம் மனித மூளை இன்னொன்றையும் செய்கிறது. சுருங்கிய இடைவெளியையே 'இதுதான் நம் வேகம்' என்று கடிகாரத்தில் பதிந்துகொள்கிறது. அடுத்த சுருக்கம் அதிலிருந்து தொடங்கும். பத்துப் பேரும் நேர்மையாக, கவனமாக, ஒருவரையொருவர் கேட்டு அடிக்கிறார்கள்; குழு ஓடுகிறது. ஒத்திகை முடிந்ததும் வயதில் சிறியவரைப் பிடித்துத் திட்டுவது நியாயமே இல்லை.

தூரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் தனித்தனி அறைகளில் இருவரைக் கைதட்டவைத்து, இடையே தாமதத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். தாமதம் 10 மில்லி விநாடிக்குக் கீழே போனால் வேகம் ஏறியது. 20ஐத் தாண்டிச் சற்றுப் போனதும் வேகம் குறையத் தொடங்கியது. தோளோடு தோள் உரச நிற்கும் குழு ஏறும் பக்கத்தில் இருக்கிறது. கொரோனா காலத்தில் வீடியோ அழைப்பில் சேர்ந்து பாட முயன்றவர்களுக்கு மறுபக்கம் நன்றாகவே தெரியும்.

சரி, தடுப்பது எப்படி? ஒருவர் மட்டும் மற்றவர்களுக்காகத் தன்னைக் குறைவாகத் திருத்திக்கொள்ள வேண்டும். அதே ஆலன் விங் 2014இல் இரண்டு நால்வர் தந்தி வாத்தியக் குழுக்களை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ) அளந்தபோது, ஒன்றில் முதல் வயலின்காரர் மற்றவர்களுக்கு வளைந்துகொடுத்தது குறைவு. அவர்கள் அவருக்கு வளைந்துகொடுத்தது அதிகம். இன்னொன்றில் நால்வரும் சமம். நாதஸ்வரக் குழுவில் தாளம் போடுகிறவர் செய்வதும் அந்த உறுதியான வேலைதான் என்பது என் கருத்து. தவில் எங்கே போனாலும் அந்தச் சிறு வெண்கலத் தட்டுகளின் ஓசை தன் இடத்தில் விழுகிறது. மேடையில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை போதாது.

இதையெல்லாம் நம் ஊரிலேயே அளக்கலாம். தவிலும் பறையும் உறுமியும் இவ்வளவு அடர்த்தியாக ஒலிக்கும் ஊரில், இசைத் துறைக்கும் மூளை ஆய்வுக்கும் சேர்த்து ஒரு சின்ன நிதி ஒதுக்குவது வீண் செலவாகாது. மைக்கும் கணினியும் போதும்.

வாசகர் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவைப் போடுங்கள். இரண்டு நிமிடம் நீங்கள் மட்டும் தட்டுங்கள், பிறகு அண்ணனை மட்டும் தட்டச் சொல்லுங்கள், கடைசியில் இருவரும் சேர்ந்து. மூன்றிலும் முதல் இருபது தட்டுக்கும் கடைசி இருபது தட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அந்த எண்களை அண்ணனிடம் காட்டுங்கள்.