பாவம் எனும் மெய்ப்பாடு

ஓவியத்தில் உணர்ச்சி வெளிப்படுவதைப் ‘பாவம்’ என்கிறோம். ‘ஆதல்’ என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல் இது. காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய உரை ஓவியத்துக்கு ஆறு உறுப்புகள் சொல்கிறது. உருவ வேறுபாடு, அளவு இவற்றை அடுத்து மூன்றாவதாகப் பாவம் வருகிறது. தமிழில் எழுதினால் தீவினையும் பாவம், இரக்கமும் பாவம், இதுவும் பாவம். குழப்பத்தைத் தவிர்க்க ‘முகபாவம்’ என்று எழுதப்போய், உணர்ச்சி முகத்தில் மட்டுமே இருப்பது போல ஆகிவிட்டது.

இதற்கு நம்மிடம் உள்ள சொல் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உள்ளத்தில் எழுவது உடம்பில் தோன்றுவது மெய்ப்பாடு. தொல்காப்பியம் இதற்குத் தனி இயலே வைத்து, நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று 8 வகை சொல்கிறது. ஒவ்வொன்றும் பிறக்க 4 காரணங்கள்.

வெகுளிக்கும் அச்சத்துக்கும் உள்ள தூரம் தூரிகை நுனியளவுதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயிலில் குடமுழுக்குக்காக முனீஸ்வரர் சிலைக்குச் சாயம் அடிப்பதை எடுத்துக்கொள்வோம். கண் பெரிதாக இருந்தால் கோபம் வந்துவிடும் என்று நினைத்து, கருவிழியை நட்ட நடுவில் வைத்து, சுற்றிலும் வெள்ளை தெரிய விட்டு, புருவத்தை வில்லாக மேலே வளைத்துவிடுகிறார்கள். காவல் தெய்வம் எதையோ கண்டு மிரண்டது போல நிற்கும். வெகுளி வேண்டுமானால் புருவத்தின் உள்முனை மூக்குப் பக்கம் இறங்க வேண்டும். இரு புருவங்களுக்கு நடுவே நெட்டுக் கோடு விழ வேண்டும். கருவிழியின் மேல்விளிம்பு இமைக்குள் சற்று மறைய வேண்டும். கண்ணின் வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகே கறுப்பை வைக்கவும். ஈரத்தில் வைத்தால் ஓரம் கசிந்து பார்வையே மங்கிவிடும்.

தாளில் வரையும்போது தவறு வேறு இடத்தில் நடக்கிறது. பால்மரம் வெட்டிக் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்துக்) களைத்தவரை வரையச் சொன்னால், பிள்ளைகள் நிமிர்ந்த உடம்பை வரைந்து, வாயை மட்டும் கீழே வளைப்பார்கள். களைப்பு வாயில் இல்லை. முதலில் மெல்லிய பென்சில் கோட்டால் கழுத்திலிருந்து குதிகால் வரை உடம்பின் போக்கை இழுக்க வேண்டும். எடை ஒரு காலில் விழுந்தால் அந்தப் பக்க இடுப்பு உயரும், அதே பக்கத் தோள் தாழும். வாளி பிடித்த கை நேராகத் தொங்கும். தலையை மார்பின் பக்கம் சாய்த்து, முகத்தைக் கடைசியில் வரையலாம். தலையின் உயரத்தில் சரிபாதியில் கண் இருக்க வேண்டும். நெற்றிக்கு ஏறிவிட்டால் களைத்த முகம் குழந்தை வரைந்த பொம்மை முகமாகிவிடும். தொல்காப்பியம் இளிவரலுக்குச் சொல்லும் நான்கில் ‘வருத்தம்’ ஒன்று. இந்தப் படத்தின் மெய்ப்பாடு அதுதான்.

பரதநாட்டியத்தில் ‘பாவம்’ ஊன்றிவிட்டது, அங்கே அப்படியே இருக்கட்டும். ஓவியத்தில் முகத்தை மட்டும் சுட்ட ‘முகக்குறிப்பு’ போதும். முழு உருவமும் பேசும் இடத்தில் ‘மெய்ப்பாடு’ என்றே எழுதலாம்.