எந்த வன்முறையைச் சொல்கிறீர்கள்? ‘கேங்ஸ் ஆஃப் நியூயார்க்’கும் வளர்ந்த பிள்ளைகளும்

மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய ‘கேங்ஸ் ஆஃப் நியூயார்க்’ 2002 டிசம்பரில் வெளிவந்த படம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கில், அப்பாவைக் கொன்ற ரவுடித் தலைவனைப் பழிவாங்க வரும் ஐரிஷ் இளைஞனின் கதை. இத்தனை வருடம் கழித்தும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. “டேனியல் டே லூயிஸ் நடிப்புக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்” என்பார் ஒருவர். “ஆரம்பச் சண்டையிலேயே எழுந்து போய்விட்டேன், அவ்வளவு வெட்டுக்குத்து” என்பார் அடுத்தவர். 2 மணி 47 நிமிடம் இழுவை என்கிறவர்களும், நாயகனாக வரும் டிகாப்ரியோ எடுபடவில்லை என்கிறவர்களும் தனி. ஆஸ்கரும் இதே மனநிலையில்தான் இருந்தது போல. 10 பிரிவுகளில் பரிந்துரை கிடைத்தது, ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை.

பள்ளி மாணவர்களோடும் அவர்களுடைய பெற்றோரோடும் பேசுகிற மனநல ஆலோசகர் நான். “பையனுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாமா?” என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ரத்தத்தின் அளவைத்தான் கேட்கிறார்கள். அதைத் தாண்டிக் கவனிக்க வேண்டிய ஒன்று சரித்திரப் படங்களில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், பாதியில் எழுந்து போனவர்களைப் பற்றி. இவர்களை “சினிமாவைச் சினிமாவாகப் பார்க்கத் தெரியாதவர்கள்” என்று கிண்டல் செய்வது நம்மிடம் சாதாரணம். அந்த ஆரம்பச் சண்டையை நினைத்துப் பாருங்கள். 1846, வெள்ளைவெளேரென்று பனி மூடிய சதுக்கம். இரண்டு கூட்டம் கோடரியும் கத்தியுமாக மோதுகிறது. முடியும்போது பனி முழுக்கச் சிவப்பு. கொல்லப்பட்ட தந்தையின் அருகில் ஒரு சிறுவன். வீட்டிலோ தெருவிலோ வெட்டுக்குத்தை நேரில் கண்டவர்களுக்கு, விபத்தில் நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களுக்கு, இந்தக் காட்சியில் நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வேர்ப்பதும் அவர்கள் கையில் இல்லை. அது ரசனைக் குறைவு ஆகாது. எழுந்து போவதுதான் அந்த நேரத்தில் அவர்கள் தங்களுக்குச் செய்துகொள்ளக்கூடிய நல்ல காரியம்.

இனி, படத்தைக் கொண்டாடுகிறவர்கள் சொல்கிற சமாதானத்துக்கு வருகிறேன். “அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது, உள்ளதைத்தானே காட்டியிருக்கிறார்கள்?” கற்பனைக் கதையில் வரும் ரத்தத்தைப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் உதறிவிடக்கூடும். ‘உண்மையில் நடந்தது’ என்ற முத்திரையோடு வருவது அப்படிப் போவதில்லை, அறிவாக மாறி உள்ளே தங்கிவிடுகிறது. அதனால்தான் உள்ளதைத்தான் காட்டியிருக்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

படத்தின் வில்லன், டேனியல் டே லூயிஸ் நடித்த கசாப்புக்காரன் பில். கழுகு பொறித்த கண்ணாடிக் கண், தோளில் போர்த்திய அமெரிக்கக் கொடி, வந்தேறிகள் மேல் தீராத வெறுப்பு. இவனுக்கு அச்சாக இருந்தவர் வில்லியம் பூல் என்ற நிஜ மனிதர். கசாப்புத் தொழில் செய்தவர், கைச்சண்டைக்காரர், குடியேறிகளை எதிர்த்த அரசியலின் அடியாள். ஆனால் அவர் 1855 பிப்ரவரியில் பிராட்வேயில் ஒரு மதுக்கடையில் சுடப்பட்டு மார்ச் 8ஆம் தேதி இறந்துபோனார். படத்திலோ 1863 வரை அதிகாரம் செய்கிறார். கடைசிக் கட்டத்தில் போர்க்கப்பல்கள் நகரத்தின் மீது குண்டு பொழிவதாக வருகிறதே, அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கதை நடக்கும் ஃபைவ் பாயின்ட்ஸ் நியூயார்க்கின் பரம ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த சேரி என்பது உண்மை. தினம் தினம் கொலை விழுந்த இடம் என்பது மிகைப்படுத்தல் என்கிறார்கள் அந்தப் பகுதியை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள்.

ஆக, “ஓவர் வன்முறை” என்ற பார்வையாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேறொரு இடத்தில் படம் உள்ளதைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. இதைப் பற்றிப் பெரும்பாலானவர்கள் பேசுவதே இல்லை.

1863 மார்ச்சில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் தப்பிக்கலாம். ஒரு கூலித் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஒரு வருடச் சம்பாத்தியம். பணக்காரன் காசு கட்டித் தப்பிக்க, ஏழை சாகப் போக வேண்டுமா என்ற ஆத்திரம் நியாயமானது. அந்த ஆத்திரம் ஜூலை 13 முதல் 16 வரை நகரத்தைக் கொளுத்தியது. முதலில் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் மூண்ட தீ, அன்றைக்கே கறுப்பின மக்கள் பக்கம் திரும்பியது. குடிமக்களாக அங்கீகரிக்கப்படாததால் அவர்களுக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. துறைமுகக் கூலி வேலைக்கு அவர்கள் போட்டியாக இருந்தார்கள் என்ற காழ்ப்பு வேறு. ஐந்தாவது அவென்யூவில் 200க்கும் மேற்பட்ட கறுப்பினக் குழந்தைகள் தங்கியிருந்த அனாதை இல்லத்தைக் கும்பல் சூறையாடித் தீ வைத்தது. பணியாளர்கள் குழந்தைகளைப் பத்திரமாக வெளியே கொண்டுபோனதால் உயிர்கள் பிழைத்தன. குறைந்தது 11 கறுப்பின ஆண்களைக் கும்பல் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்றது. பதிவான மொத்தச் சாவு சுமார் 120. கலவரத்தை அடக்கக் கெட்டிஸ்பர்க் போரில் இருந்த படைகளை வரவழைக்க வேண்டியிருந்தது.

கலவரக்காரர்களில் பெரும் பகுதி ஐரிஷ் ஏழைகள். படத்தின் நாயகனும் ஐரிஷ் பையன்தான். பஞ்சத்துக்குத் தப்பி வந்து பில்லின் கூட்டத்திடம் உதை வாங்குகிற மக்களின் பக்கம் நின்று இரண்டரை மணி நேரம் நாம் படம் பார்க்கிறோம். கறுப்பினத்தவர் மேல் நடந்த வெறியாட்டம் கடைசியில் துணுக்குத் துணுக்காக வந்து போகிறது. அதற்குள் நம் கண் நாயகனும் பில்லும் மோதப்போகும் இடத்துக்குப் போய்விட்டது. அப்பாவுக்காகப் பழிவாங்கும் கதைக்கு இடையூறாக வந்த பின்னணியாகத்தான் அந்தக் கலவரம் மனதில் தங்குகிறது. என் பார்வையில் படத்தின் பெரிய குறை இதுதான். முகம் சுளிக்கவைக்கிற ரத்தத்தைவிட இதற்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

பிளஸ் ஒன் படிக்கும் மாணவன் ஒருவன் என்னிடம் இந்தப் படத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசினான். பில் கத்தி நுனியால் தன் கண்ணாடிக் கண்ணைத் தட்டுவதை விரலால் செய்துகாட்டினான். “செம கெத்து சார்.” நான் திட்டவில்லை. பில் யார் யாரையெல்லாம் வெறுக்கிறான் என்று மட்டும் கேட்டேன். யோசித்து, “ஐரிஷ்காரங்களை” என்றான். வேறு? கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அனாதை இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். “அது படத்துல இல்லையே சார், நிஜமாவா?” என்று இரண்டு தடவை கேட்டான். கப்பல் குண்டு போட்டது மட்டும் அவனுக்கு நன்றாக நினைவில் இருந்தது. நடக்காதது நினைவில் இருக்கிறது, நடந்தது தெரியவில்லை.

அந்தப் பையனைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை, மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ பட்லரும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தைப் படிக்கக் கொடுத்து, அதே விஷயம் பற்றிய திரைப்படக் காட்சிகளையும் காட்டினார்கள். படம் பாடத்தோடு ஒத்துப்போன இடங்களில் நினைவு கூடியது. முரண்பட்ட இடங்களில், சரியானதைப் படித்திருந்தும் படத்தில் பார்த்த தவறையே பலர் விடையாக எழுதினார்கள். “படத்தில் தவறுகள் இருக்கலாம், கவனம்” என்று பொதுவாக எச்சரித்தது உதவவில்லை. எந்த இடத்தில் என்ன தவறு என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் பிழைகள் வெகுவாகக் குறைந்தன.

“எல்லாம் சினிமாதான்டா, நம்பாதே” என்று நாம் போகிறபோக்கில் சொல்வது பொதுவான எச்சரிக்கை. அது போதாது. பூல் 1855இலேயே இறந்துவிட்டார், கப்பல் தாக்குதல் கற்பனை, 1863 ஜூலையில் அதிகம் குறிவைக்கப்பட்டவர்கள் கறுப்பின மக்கள் என்று மூன்றே விஷயம் படம் தொடங்கும் முன் சொன்னால் போதும், பிள்ளை வேறு கண்ணோடு பார்ப்பான். எந்தச் சரித்திர கேங்ஸ்டர் படத்துக்கும் இப்படி அரை மணி நேரம் தேடிப் படித்து வைத்துக்கொள்ளலாம்.

வயது விஷயத்தில் நான் கறார். அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு ‘ஆர்’ தரச்சான்று, 17 வயதுக்குட்பட்டவர் பெரியவர் துணையில்லாமல் திரையரங்குக்குப் போக முடியாது. நம் நாட்டில் 2021 விதிகளின்படி ஓடிடி தளங்கள் யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயதைக் குறிப்பிட வேண்டும், பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். அந்தப் பூட்டைப் போட்டு வையுங்கள். “நாங்கள் பக்கத்தில் இருக்கிறோமே” என்று பத்து வயதுப் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருப்பதால் அந்தக் கோடரி மழுங்கிவிடாது.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை “எனக்கு வேண்டாம்” என்று எழுந்தால், அப்பாக்கள் தயவுசெய்து “ஆம்பளைப் புள்ளை இதுக்குப் போய் பயப்படுறியா?” என்று கேட்காதீர்கள். படம் பார்த்த பிறகு ஓரிரு நாள் தூக்கம் கலைவது சகஜம். வாரக்கணக்கில் கெட்ட கனவு, தனியே இருக்கப் பயம், படிப்பில் மனம் ஒட்டாமை என்று நீண்டால் பள்ளி ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். பலருக்கு அந்தப் படம் ஒரு சாக்குதான், அதற்கு முன்பே சொல்லாமல் வைத்திருந்த ஒன்று பேச்சில் வெளியே வரும். உடனே நேரில் போக முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.