சைட் அசெஸ்மென்ட்: நிலத்தின் விலையா, நிலத்தின் மாசா?

நிலத்தோடு சேர்த்து ‘மதிப்பீடு’ என்றாலே நம் ஊரில் விலைதான் நினைவுக்கு வரும். வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு என்று பத்திரப் பதிவில் பழகிய சொல். அதனால் ‘என்விரான்மென்டல் சைட் அசெஸ்மென்ட்’ என்பதைச் ‘சுற்றுச்சூழல் தள மதிப்பீடு’ என்று எழுதினால் யாருக்கும் பிடிபடாது. போதாததற்கு, ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ என்று வேறொன்றும் இருக்கிறது. அது வரப்போகும் ஆலையால் என்ன கேடு வரும் என்று பார்ப்பது. இதுவோ, வாங்கப்போகும் நிலத்தின் மண்ணில் ஏற்கெனவே என்ன கொட்டினார்கள் என்று துருவுவது.

‘அசெஸ்’ லத்தீனில் ‘பக்கத்தில் உட்கார்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நீதிபதிக்கு அருகில் உட்கார்ந்து வரியும் அபராதமும் கணக்கிட்டவரின் வேலை அது. ஆக அங்கேயும் முதலில் பணக் கணக்குதான்.

அந்தச் சொல் மண்ணுக்கு வந்தது அமெரிக்காவில். நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கால்வாயில் ஒரு ரசாயன நிறுவனம் 20,000 டன்னுக்கும் மேல் கழிவைப் புதைத்து, 1953-இல் அந்த நிலத்தை 1 டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடமும் வந்தது, சுற்றிலும் வீடுகளும் வந்தன. 1978-இல் அங்கே அவசர நிலை அறிவித்தார்கள். 1980-இல் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் வந்தது. மாசுபடுத்தியவர் வேறு யாராக இருந்தாலும் இப்போதைய உரிமையாளரும் சுத்தப்படுத்தும் செலவுக்குப் பொறுப்பு என்றது. வாங்கும் முன்பே முறையாக விசாரித்தேன் என்று காட்டினால்தான் விலக்கு. எது முறையான விசாரணை? அதற்கான விதியைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005-இல் வெளியிட்டது, 2006 நவம்பரில் அமலானது. அதன்படி செய்ய இப்போது ஏற்கப்படும் தரநிலை, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் இ1527-21.

முதல் கட்டத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்க மாட்டார்கள். பழைய தீக்காப்பீட்டு வரைபடங்கள், வான்படங்கள், அரசுப் பதிவேடுகள் எல்லாவற்றையும் புரட்டி, நிலத்தை நேரில் சுற்றிப் பார்த்து, பழைய உரிமையாளரிடமும் விசாரித்து, இங்கே பெட்ரோல் பங்க் இருந்ததா, டிரை கிளீனிங் கடை இருந்ததா, அடியில் தொட்டி கிடக்கிறதா என்று தேடுவார்கள். முக்கியமான விசாரணைகள் 180 நாளைக்கு மேல் பழசானால் புதுப்பிக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால்தான் இரண்டாம் கட்டம். அப்போதுதான் துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்துச் சோதிப்பார்கள்.

நமக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் மண்ணில் தங்கிப்போன கதை தெரியும். மாசடைந்த நிலங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது 2025-இல்தான். அதிலும் முதலில் பூர்வாங்க ஆய்வு, அப்புறம் விரிவான ஆய்வு.

சரி, தமிழில் என்ன சொல்வது? வில்லங்கம் பார்ப்பது நம் எல்லோருக்கும் தெரியும். இது மண்ணுக்குள் இருக்கும் வில்லங்கத்தைப் பார்ப்பது. பேச்சில் ‘மண் வில்லங்கம் பார்த்தாச்சா?’ என்று கேட்டாலே போதும், விஷயம் போய்ச் சேரும். எழுத்தில் ‘நில மாசு ஆய்வு’ என்பதே என் தேர்வு. முதல் கட்டத்துக்கு ‘மாசு வரலாற்று ஆய்வு’, இரண்டாம் கட்டத்துக்கு ‘மண், நீர்ச் சோதனை’. ‘மதிப்பீடு’ விலைக்கே இருக்கட்டும்.