“கரெக்டா வந்துடுவேல்ல அம்மா?”

காலை ஏழரைக்கு வயிற்றுவலி தொடங்கும். ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் அது உச்சத்துக்குப் போகும். வேன் போய்விட்டால் ஒன்பது மணிக்குள் வலி இருந்த இடம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஒன்றும் இருக்காது. சாயந்திரம் ஷூவுக்குப் பாலிஷ் போடும் நேரத்தில் மறுபடி லேசாக ஆரம்பிக்கும்.

குழந்தைகள் மனநலத்தில் வேலை செய்கிற நான் அடிக்கடி கேட்கும் கதை இது. இங்கே சொல்லப்போவது நாலாம் வகுப்புப் பையன் ஒருவனையும் அவன் அம்மாவையும் பற்றி. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அம்மாவின் கையில் ஒரு தடித்த ஃபைல். இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், பூச்சி மருந்துச் சீட்டு, எல்லாம் தேதி வரிசைப்படி. “ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க மேடம். அப்போ நடிக்கிறானா?” என்று கேட்டார்.

நடிக்கவில்லை. பயம் வந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வயிற்றுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு கைகால் தசைகளுக்குத் திரும்புகிறது, குடலின் இயக்கம் மாறுகிறது. ஓடவோ சண்டை போடவோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒன்பது வயதுப் பையனுக்கு அது ‘வயிறு வலிக்குது’ என்றுதான் தெரியும். வலி நிஜம். ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான். ஆனாலும் முதலில் மருத்துவரிடம் காட்டியது சரியான காரியம். வேறு நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் பயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த அம்மா தன் பையனுக்காக ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்று சொல்லச் சொன்னேன். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடப் பயப்படுகிறான், அதனால் வெளியே நிற்கிறார். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று டீச்சரிடம் பேசி வைத்திருக்கிறார். தூங்கும்வரை பக்கத்தில் உட்காருகிறார். இரண்டு வருடமாக உறவுக்காரர் கல்யாணம் எதற்கும் ராத்திரி தங்கியதில்லை. சாயந்திரம் ஸ்கூலிலிருந்து அவனைக் கூட்டிவருவதும் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேல், அதைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்: “நாளைக்கு கரெக்டா வந்துடுவேல்ல அம்மா?” ஒரு சாயந்திரம் எண்ணிப் பார்த்தாராம், இருபத்து மூன்று தடவை. இருபத்து மூன்று தடவையும், “வந்துடுவேன் கண்ணா” என்றிருக்கிறார், ஒரு தடவைகூட எரிந்து விழாமல்.

கேட்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை உழைப்பும் பையனின் பயத்துக்குத்தான் தீனியாகிக்கொண்டிருந்தது. “வந்துடுவேன்” என்ற பதில் அரிப்பைச் சொறிவது மாதிரி. அந்த நிமிடம் இதம், அடுத்த நிமிடம் இன்னும் அரிக்கும். ஒவ்வொரு முறையும் அம்மா பயத்தை விலக்கிவிடும்போது, ‘இது என்னால் தாங்க முடியாதது, அம்மா இருந்தால்தான் முடியும்’ என்று பிள்ளையின் மனது கற்றுக்கொள்கிறது. பயம் தானாகவே ஏறி, தானாகவே இறங்கும் என்பதைப் பார்க்க அவனுக்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பயத்தை அம்மா உண்டாக்கவில்லை. சில குழந்தைகள் பிறக்கும்போதே கூச்சமும் எச்சரிக்கையும் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டு பிறக்கிறார்கள். அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் பயத்தைக் குறைப்பதில் பெற்றோரின் கை பெரிது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிகப் பதற்றம் உள்ள, 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகள். ஒரு பிரிவில் சிகிச்சையாளர் குழந்தையோடு நேரடியாக வேலை செய்தார். இன்னொரு பிரிவில் குழந்தைக்குச் சிகிச்சையே இல்லை, பெற்றோரை மட்டும் சந்தித்து, அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது பிரிவுக் குழந்தைகளின் முன்னேற்றம் முதல் பிரிவுக்குச் சளைக்கவில்லை.

நாங்களும் அந்த வழியில்தான் போனோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் அந்தக் கேள்வி மட்டும். பையன் சிரித்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா அவனிடம் சொன்னார்: “இனிமே ராத்திரி ஒரு தடவைதான் பதில் சொல்லுவேன். அப்புறம் கேட்டா, ‘உனக்குப் பயமா இருக்கு, எனக்குத் தெரியுதுடா. உன்னால தாங்கிக்க முடியும்’னு மட்டும் சொல்லுவேன்.” அந்தப் பதிலில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதியை விட்டுவிட்டால் அது அதட்டல் ஆகிவிடும். இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் பயத்தோடு சேர்ந்து நாமும் அழுவது போல் ஆகிவிடும்.

முதல் மூன்று நாள் மோசமாகத்தான் இருந்தது. கேள்வி குறையவில்லை, கூடியது, அழுகையும் சேர்ந்துகொண்டது. பாட்டிக்குத் தாங்கவில்லை. “பச்சப்புள்ளைய இப்படியா அழ விடுவே?” என்று மருமகளோடு இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த முறை பாட்டியையும் வரச் சொன்னேன். அவரிடமும் அதே இரண்டு பாதியைச் சொன்னேன். மடியில் படுக்க வைத்துத் தலையைத் தடவிக்கொண்டே அதைச் சொல்லலாம் என்றதும் ஒப்புக்கொண்டார். மந்திரித்துக் கயிறு கட்டியதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். கயிறு இருக்கட்டும், ‘உன்னை ஏதோ பிடிச்சிருக்கு’ என்று பையனிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் இருபத்து மூன்று, ஐந்தாறாக இறங்கியது.

மூன்றாவது சந்திப்பில் அந்த அம்மா உள்ளே வந்ததுமே அழுதுவிட்டார். அன்று காலை வேன் போய்விட்டது. கேஸ் வேறு தீர்ந்துவிட்டது. “உன்னால எனக்கு ஒரு நாள் நிம்மதி இருக்கா?” என்று கத்திவிட்டார். “எல்லாத்தையும் கெடுத்துட்டேன் மேடம். கத்தாத அம்மாவா இருக்கணும்னு எத்தனை வீடியோ பார்த்திருக்கேன் தெரியுமா?”

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், தெரிந்தேதான். குழந்தையின் பயத்தைவிடப் பெற்றோரின் இந்தக் குற்ற உணர்ச்சியைப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் அதிகம் கவலைப்படுகிறேன். முன்பு நாலு பேர் சேர்ந்து தூக்கிய சுமையை இன்று பல வீடுகளில் ஒரே அம்மா தூக்குகிறார். கூடவே கைபேசி நாள் முழுக்க அவர் செய்வது தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அவரிடம் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளரைப் பற்றிச் சொன்னேன். 1970-களில் அவர் செய்த பரிசோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அம்மா மறுபடி சிரித்ததும் மெல்லத் திரும்பி வரும். அதற்குப் பிறகான ஆராய்ச்சியில் அவர் கண்டது எனக்கு இன்னும் முக்கியம்: நன்றாக ஒட்டுதலாக இருக்கும் அம்மாவும் குழந்தையும்கூட, சேர்ந்திருக்கும் நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான் ஒத்துப்போகிறார்கள். மிச்ச நேரம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே போகிறது. அந்தச் சரிசெய்தலில்தான் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கிறது. பிரிட்டனின் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் இதையே 1953-ல் வேறு விதமாக எழுதினார். போதுமான அளவுக்கு நல்ல அம்மா ஆரம்பத்தில் கைக்குழந்தைக்கு முழுக்க வளைந்து கொடுப்பாள், அது வளர வளர, அதனால் தாங்க முடிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வளைவதைக் குறைப்பாள்.

அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் இது நியாயப்படுத்தாது. கத்திவிட்டால் திரும்பிப் போய்ப் பேச வேண்டும். “காலையில கத்திட்டேன். கேஸ் தீர்ந்துபோன டென்ஷன், உன் தப்பு இல்ல. பயந்துட்டியா?” இவ்வளவு போதும். பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்டு அழுதால், பிள்ளை அம்மாவைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

பதற்றத்தின் நடுவே என்ன செய்வது என்றும் கேட்பார்கள். பேச்சைக் குறையுங்கள். ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயம் போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் முதலில் மெதுவாக மூச்சை விடுங்கள். சூடான பாலை ஊதி ஆற்றுவது போல, உள்ளே இழுத்ததைவிட நீளமாக ஊதுவது. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு குறைவதால் அது பலன் தருகிறது. ஆனால் இதைப் பயமில்லாத நேரத்தில், தினமும் ராத்திரிப் பால் தம்ளரோடு விளையாட்டாகப் பழகியிருக்க வேண்டும். வேன் வாசலில் நிற்கும்போது புதிதாகச் சொல்லிக் கொடுத்தால் ஏறாது.

வாரக்கணக்கில் பள்ளிக்கூடம் போகவில்லை, தூக்கமோ சாப்பாடோ குறைந்து எடை இறங்குகிறது, அல்லது ‘செத்துப்போகணும்’ என்ற பேச்சு வருகிறது என்றால் வீட்டு முயற்சியோடு நிற்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

அந்த அம்மா கடைசியாக வந்தபோது மறுபடி தயக்கத்தோடுதான் பேச ஆரம்பித்தார். முந்தின நாள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாராம். ஸ்கூலுக்குப் போகும்போது இருபது நிமிடம் லேட். இத்தனை மாதம் பையன் எதற்குப் பயந்தானோ அதுவே நடந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வாட்ச்மேன் தாத்தாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

“லேட்டும்மா நீ,” என்றானாம். “கொஞ்சம் அழுதேன். அப்புறம் தாத்தா கடலை கொடுத்தாரு.” வண்டியில் ஏறிய பிறகு, வீட்டில் தோசை மாவு இருக்கிறதா என்று கேட்டானாம்.