விநியோகச் சங்கிலியும் ரேஷன் கடையும்

‘சப்ளை செயின்’ என்பதற்கு ‘விநியோகச் சங்கிலி’ என்று எழுதுவதை யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். நாளிதழின் வணிகப் பக்கம், கல்லூரிப் பாடநூல், வங்கிக் கடன் விளம்பரம், எங்கே திரும்பினாலும் இதுதான். இதுவரை பொறுத்துக்கொண்டேன். போன மாதம் மதுரையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் பெரிய பேனராகவே கட்டிவிட்டார்கள்: ‘விநியோகச் சங்கிலித் திட்ட மேலாண்மை’. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் முறைகளை சப்ளை செயினில் எப்படிக் கையாள்வது என்பதுதான் வகுப்பின் பொருள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பளக் கம்பெனிக்காரர் பேனரைப் படித்துவிட்டு, “ஏண்ணே, இது ரேஷன் கடைக்காரங்களுக்கு நடத்துற கிளாஸா?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ‘பொது விநியோகத் திட்டம்’ என்று ரேஷனுக்கு அரசாங்கமே பெயர் வைத்திருக்கிறது. நடுவில் ஒரு சங்கிலியைக் கோத்துவிட்டால் மட்டும் பொருள் மாறிவிடுமா?

முதலில் சொல்லின் கதை. ‘சப்ளை செயின் மேனேஜ்மென்ட்’ என்ற தொடர் 1982-ல் புழக்கத்துக்கு வந்தது. கீத் ஆலிவர் என்ற நிர்வாக ஆலோசகர் ஃபைனான்சியல் டைம்ஸ் இதழுக்கு அளித்த பேட்டியில் அதைப் பயன்படுத்தினார். கொள்முதலை ஒருவர், உற்பத்தியை இன்னொருவர், கிடங்கை மற்றொருவர், விற்பனையை வேறொருவர் என்று துண்டு துண்டாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூலப்பொருளில் தொடங்கி வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை ஒரே ஓட்டமாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் அதன் கருத்து. ‘சங்கிலி’ வடமொழி ‘ச்ருங்கலா’விலிருந்து வந்தது. அதோடு எனக்குச் சண்டையில்லை.

சண்டை ‘விநியோக’த்தோடு. அதுவும் வடசொல் என்பதற்காக இல்லை. தமிழாகிப் பல காலம் ஆன சொல் அது. கோயிலில் பிரசாத விநியோகம் என்கிறோம். கல்யாண வீட்டில் தாம்பூல விநியோகம். ஏற்கெனவே கையில் இருப்பதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் விநியோகம். பிரசாதத்துக்கு அரிசி எங்கிருந்து வந்தது, மடைப்பள்ளியில் எப்போது அடுப்பு மூட்டினார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான இணை ‘டிஸ்ட்ரிபியூஷன்’.

ரேஷன் அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லை வாங்குகிறது. அதன்பிறகு அரவை, கிடங்கில் சேமிப்பு, லாரியில் நகர்வு, கடைசியாகக் கடையில் விநியோகம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் உண்டு. ஈரப்பதம் பார்த்து நெல்லைத் தராசில் ஏற்றும் பருவகாலப் பணியாளரிடம் போய், “நீங்கள் செய்வது விநியோகம்தானே?” என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். அரசு அலுவலகத் தமிழை நாம் எவ்வளவோ கேலி செய்கிறோம். இந்த விஷயத்தில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். மேலாண்மைத் தமிழ் எழுதுகிறவர்கள்தான் கடைசிக் கண்ணியின் பெயரை முழுச் சங்கிலிக்கும் மாட்டிவிட்டார்கள்.

விநியோகம் என்று பெயர் வைத்ததும் கண்ணும் டீலர் பக்கம் திரும்பிவிடுகிறது. மதுரை அப்பளம் செய்கிறவருக்கு டீலர் ஒரு தலைவலியே இல்லை. இறக்குமதியாகும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே விளைச்சல் குறைந்தாலும், இங்கே இறக்குமதி விதியை மாற்றினாலும், மாவு விலை ஏறிவிடும். அப்பளக்காரம் தரமாக இல்லையென்றால் பொரிக்கும்போது எழும்பாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட்ட அப்பளம் காயாது. உருட்டித் தேய்க்கும் பெண்கள் தயாராக இருப்பார்கள், மாவும் பிசைந்தாகிவிடும், மேகம் மட்டும் கலையாது. பொங்கலும் தை முகூர்த்தமும் நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். பயிற்சி நடத்தியவர் ‘கிரிட்டிக்கல் பாத்’ பற்றிச் சொல்லவந்தது இந்த இடத்துக்குத்தான் பொருந்தும். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான கணக்குமுறை அது. எந்த வேலைத் தொடரில் ஒருநாள் பிந்தினால் மொத்த வேலையும் ஒருநாள் பிந்துமோ, அதைக் கண்டுபிடித்து அதன்மேல் கண்ணாக இருப்பது. அப்பளத்துக்கு மழைக்காலத்தில் அந்த இடம் காயப்போடும் களம்தான். உலர்த்தும் அறைக்கு ஏற்பாடு செய்யாமல் கூடுதலாக ஆள் சேர்த்து என்ன பயன்? நல்ல பாடம். ஆனால் திரையில் ‘நெருக்கடிப் பாதை’ என்று போட்டிருந்தார். அப்பளக் கம்பெனிக்காரர் அதற்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சரி, வேறு என்னதான் சொல்வது? பொருளியல் பாடநூல்காரர்கள் ‘தேவை, அளிப்பு’ என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ‘அளிப்புச் சங்கிலி’ என்கிறார்கள் சிலர். விநியோகத்தைவிட மேல்தான். ஆனால் அளிப்பது என்றால் கொடுக்கிறவர் கை மேலே இருக்கிற தோரணை. நன்கொடை அளிப்பார்கள், பேட்டி அளிப்பார்கள், உளுந்து மூட்டையை யாராவது அளிப்பார்களா? ‘வழங்கல் தொடர்’ என்பதும் ஓடுகிறது. அதிலும் பட்டமளிப்பு விழா வாடை போகவில்லை. இரண்டுமே விற்கிறவர் பக்கம் நின்று செய்த சொற்கள். வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் இந்தத் துறையின் அடிப்படை என்றிருக்க, அவர் பக்கத்திலிருந்து ஒரு சொல் கிடைக்காதா?

கிடைக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் போய் நில்லுங்கள். “மல்லி வரத்து எப்படி?” என்பதுதான் முதல் கேள்வி. ‘வரத்து குறைவால் தக்காளி விலை உயர்வு’ என்று நாளிதழ்க்காரர்களும் காலங்காலமாக எழுதுகிறார்கள். சப்ளைக்குச் சந்தை தானாகவே வைத்துக்கொண்ட தமிழ் ‘வரத்து’. சந்தையில் மட்டுமா? மாடக்குளமோ வண்டியூரோ, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் நமக்கு வரத்துக் கால். பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பதிவேடுகள் அதையே ‘சப்ளை சேனல்’ என்று எழுதிவைத்திருக்கின்றன. ஆங்கிலேயன் காலத்துப் பொறியாளருக்குத் தெரிந்த இணை, இன்றைக்கு மொழிபெயர்ப்பவருக்குத் தெரியவில்லை. மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதுவே கீழ்க்கண்மாய்க்கு வரத்து. ஒருவர் போக்கு அடுத்தவர் வரத்து என்று கண்ணி கண்ணியாகப் போகும் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே தேடுவது? ஆகவே ‘வரத்துத் தொடர்’ என்கிறேன். சங்கிலிதான் வேண்டும் என்பவர்கள் ‘வரத்துச் சங்கிலி’ என்று வைத்துக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை.

‘வரத்து என்றால் உள்ளே வருவது மட்டும்தானே, வெளியே போவது எங்கே?’ என்று ஒரு தமிழாசிரிய நண்பர் மடக்கினார். கடைசி வாங்குகிறவரின் வாசலில் நின்று பாருங்கள் ஐயா, எல்லாமே வருவதுதான். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

பேனரில் மிச்சமிருப்பது ‘திட்டம்’. அருமையான சொல். “உப்பு திட்டமா இருக்கு” என்றால் கூடவுமில்லை, குறையவுமில்லை. ‘திட்டமாகச் சொல்’ என்றால் உறுதியாகச் சொல். அளவும் உறுதியும் சேர்ந்த சொல் என்பதால் ‘பிளான்’ என்பதற்கு அச்சாகப் பொருந்தியது, ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. அதோடு விட்டார்களா? மதிய உணவுத் திட்டம் என்று ‘ஸ்கீம்’ அதே வீட்டில் குடியேறியது. பின்னாலேயே ‘ப்ராஜெக்ட்’ வந்தது. இப்போது ‘ப்ராஜெக்ட் பிளான்’ என்பதைத் தமிழில் எழுதினால் ‘திட்டத் திட்டம்’. நான் கற்பனை செய்யவில்லை, அன்றைய கையேட்டில் அச்சாகியிருந்தது.

ப்ராஜெக்டின் மூலம் லத்தீன். முன்னால் எறிவது என்று பொருள். இன்றைய மேலாண்மையில் அது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு தனி வேலை. உலர்த்தும் அறை கட்டுவது ப்ராஜெக்ட், கட்டி முடித்ததும் தீர்ந்தது. வரத்துத் தொடருக்கு முடிவு கிடையாது, தினமும் ஓடவேண்டும். அப்படியென்றால் ப்ராஜெக்ட் முறை அதற்குள் எங்கே நுழைகிறது? தொடரில் ஒரு மாற்றம் செய்யும்போது: புது உளுந்து வியாபாரியைச் சேர்க்கும்போது, கிடங்கை இடம் மாற்றும்போது, பொங்கல் ஆர்டருக்கு ஆயத்தமாகும்போது. அதற்குக் கெடு வைக்கலாம், வேலையைப் பிரித்து ஆள் ஆளுக்குப் பொறுப்புக் கொடுக்கலாம், எது பிந்தினால் எது நிற்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முடிகிற வேலைக்கும் முடியாத ஓட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் அந்த வகுப்பின் உயிர். ‘விநியோகச் சங்கிலித் திட்டம்’ என்று எழுதினால் அரசாங்கம் ஏதோ இலவசமாகக் கொடுக்கப்போகிறது என்றுதான் காதில் விழும்.

இலங்கையில் ப்ராஜெக்டுக்குக் ‘கருத்திட்டம்’ என்கிறார்கள். குறைந்தபட்சம் பிளானிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கு இருந்திருக்கிறது. நான் ‘பணித்திட்டம்’ என்று எழுதுகிறேன். அதிலும் திட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தெரியும். ஆனால் முன்னால் ‘பணி’ நிற்பதால் முடிக்கவேண்டிய வேலை என்பது புரிகிறது. இதைவிட நல்லதாக யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

இதையெல்லாம் மொழிபெயர்த்தவர் முழுக்கவும் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். ஆங்கில ஸ்லைடைக் கையில் கொடுத்து, நாளைக் காலை வேண்டும் என்பார்கள். அவர் அகராதியைத் திறந்து முதலில் கிடைத்ததை எடுத்துப் போடுவார், அல்லது கணினியே போட்டுவிடும். ஆனால் ஒரே ஒரு அப்பளக் கம்பெனிக்குப் போன் போட்டு, “சரக்கு வர்றதை நீங்க என்னன்னு சொல்வீங்க?” என்று கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதே கையேட்டில் ‘லீட் டைம்’ என்பதற்கு ‘முன்னணி நேரம்’ என்று இருக்கிறது. ஆர்டர் போட்ட நாளிலிருந்து சரக்கு வந்து இறங்கும்வரை பிடிக்கும் நாள்கணக்கு அது. கீழமாசி வீதியில் எந்த மளிகை மொத்தக்கடையில் கேட்டாலும் “எத்தனை நாள் பிடிக்கும்?” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்.