டிவி வாசிக்க மறுக்கும் ஹார்ட் டிஸ்க்

மட்டக்களப்பில் கூத்து அரங்கேறினால் இரவு தொடங்கி விடியும்வரை போகும். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணியில் எதுவானாலும், அதை முழுதாகப் படம்பிடிக்க ஒருவர் துணிந்தால் எவ்வளவு தரவு சேரும் என்று பாருங்கள். செக்கனுக்கு 24 மெகாபிட் என்ற தரத்தில் கமரா ஓடினால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது செக்கனுக்கு 3 மெகாபைட். எட்டு மணித்தியாலத்துக்கு 86 ஜிகாபைட்டைத் தாண்டும். ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிகாபைட்தான் கொள்ளும் என்பதால், அதே தரத்தில் வைத்திருக்க 19 டிவிடி வேண்டும். கலியாணம், சாமத்திய வீடு, கண்ணகை அம்மன் சடங்கு என்று எதை எடுத்தாலும் வீடியோக்காரர்கள் இப்போது ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த டிஸ்க்கை வீட்டு டிவியிலோ டிவிடி பிளேயரிலோ செருகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. திரையில் ஒரேயொரு வரி வரும்: இந்தச் சாதனத்தை வாசிக்க முடியவில்லை. கல்லடியிலோ கல்முனையிலோ உள்ள எந்தத் திருத்தும் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“என்ன மனே, டிஸ்க் செத்துப் போயிற்றா?”

“இல்லம்மா, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. உங்கட டிவிக்குத்தான் அத வாசிக்கத் தெரியல்ல.”

கடைத் தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. டிஸ்க்கிலிருந்து படம் திரைக்கு வரும்வரை நான்கைந்து படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் இடறினாலும் டிவி ஏறக்குறைய ஒரே மாதிரியான வசனத்தைத்தான் காட்டுகிறது. அதனால்தான் ஆட்கள் பயந்துபோய், டிஸ்க்கை அழித்துப் புதிதாக்கும் ‘ஃபோர்மெட்’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். வேறெங்கும் பிரதி இல்லாத ஒரு கூத்துப் பதிவு அத்துடன் போய்விடலாம். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததே இதனால்தான். கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் எங்கே தடுக்கிறது என்று பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது படி மின்சாரம். பென் டிரைவ் ஓடுகிறது, அதே துவாரத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பென் டிரைவுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. கையடக்க ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. அது தட்டுகளை நிமிடத்துக்கு 5400 சுற்று என்ற வேகத்தில் சுழற்ற வேண்டும். அசையாமல் கிடக்கும் தட்டை அந்த வேகத்துக்குக் கொண்டுவரும் முதல் சில செக்கன்களுக்குத்தான் அதிக மின்னோட்டம் தேவை. பல டிஸ்க்குகள் அந்த நேரத்தில் 1 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். சுழலத் தொடங்கிவிட்டால் அதில் பாதி போதும். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு துவாரம் கொடுக்கவேண்டியது 500 மில்லிஅம்பியர் மட்டுமே. யூஎஸ்பி 3.0 என்றால் 900. உள்ளே நீல நிறம் உள்ள துவாரங்கள் பெரும்பாலும் 3.0. சில டிவிகளில் ஒரு துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ‘எச்டிடி’ (ஹார்ட் டிஸ்க்) என்றோ ‘5 வோல்ட், 1 அம்பியர்’ என்றோ சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். டிவியைச் சுவரில் மாட்டிவிட்டால் அந்த எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. போனின் டோர்ச்சை அடித்துப் பாருங்கள்.

கரண்ட் போதாத டிஸ்க் ஒரு குறி காட்டும். காதைக் கிட்ட வைத்தால் ‘டிக்... டிக்...’ என்று ஒரே இடைவெளியில் கேட்கும். மோட்டார் வேகம் எடுக்க முயல்கிறது, வோல்ட் விழுகிறது, டிஸ்க் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. உண்மையிலேயே பழுதான டிஸ்க்கும் இப்படிச் சத்தம் போடும் என்பதால், உடனே கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே சத்தமில்லாமல் ஓடினால் குற்றம் டிஸ்க்கில் இல்லை.

கேபிளும் இதில் பங்காளி. மலிவான கேபிள்களில் 28ஆம் எண் என்ற மெல்லிய கம்பிதான் பெரும்பாலும் இருக்கும். அதன் தடை ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். இரண்டு மீற்றர் கேபிளில் மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் நான்கு மீற்றர் கம்பி, மொத்தம் 0.85 ஓம் அளவு. அதில் 1 அம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். டிவியிலிருந்து 5 வோல்ட்டாகப் புறப்பட்டது டிஸ்க்கைச் சேரும்போது 4.2க்கும் குறைவு. டிஸ்க்குடன் வந்த குட்டைக் கேபிளைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அதுவும் போதாவிட்டால் தனி அடப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கலாம். மேசைக் கணினிக்குள் இருக்கும் பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் பேச்சே இல்லை. அதன் மோட்டார் 12 வோல்ட் கேட்கும், யூஎஸ்பி அதைத் தராது, ஆகவே சொந்த அடப்டர் இருந்தே ஆகவேண்டும்.

மின்சாரம் சரி என்றால் அடுத்தது டிஸ்க்கின் உள்வரைபடம், அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கில் எழுதிவைக்கும் முறை. என் பார்வையில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இடறும் இடம் இதுதான். அதன் பின்னால் இருப்பது ஒரேயொரு எண்: 4,294,967,296. இரண்டை 32 தடவை பெருக்கினால் வருவது. 32 பிட் இடத்தில் இத்தனை வெவ்வேறு எண்களைத்தான் எழுதலாம்.

1996இல் விண்டோஸ் 95இன் பிந்திய பதிப்புடன் வந்த ஃபேட்32 முறையில், ஒவ்வொரு கோப்பின் அளவையும் குறித்துவைக்க ஒதுக்கிய இடம் 32 பிட். ஆகவே 4,294,967,295 பைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஒன்றை அதில் வைக்கவே முடியாது. டிஸ்க்கில் 900 ஜிகாபைட் காலியாகக் கிடந்தாலும் 5 ஜிகாபைட் படம் ஏறாது, ‘கோப்பு மிகப் பெரிது’ என்று கணினி மறுத்துவிடும். ஃபேட்32 மெமரி கார்ட் போட்ட கமராக்கள் நீண்ட பதிவைத் துண்டு துண்டாக வெட்டிவைப்பதும் இதே காரணத்தால்தான். மேலே சொன்ன கூத்தின் தரத்தில் ஒரு துண்டு 24 நிமிடத்துக்குக் கிட்ட வரும், ஒரு முழு இரவுக்கு ஏறத்தாழ இருபது துண்டு. அவற்றுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்தால் பல பிளேயர்கள் எழுத்து வரிசையில் அடுக்கி, 1க்கு அடுத்து 10ஐப் போட்டுவிடும். கட்டியகாரன் வந்து போனதும் கதை நடுச்சாமத்துக்குத் தாவும். 01, 02 என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அதே 32 பிட் இன்னொரு இடத்திலும் குறுக்கே வரும். டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதிவைக்கும் பழைய முறைக்கு எம்பிஆர் என்று பெயர். அதில் ஒவ்வொரு 512 பைட் துண்டுக்கும் 32 பிட் இலக்கம். பெருக்கிப் பார்த்தால் 2.2 டெராபைட் வருகிறது. அதற்கு மேற்பட்ட டிஸ்க்குகளுக்கு ஜிபிடி என்ற புதிய முறை தேவை. பழைய பிளேயர்களுக்கு ஜிபிடி தெரியாது. வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய 4 டெராபைட் டிஸ்க்கைப் பழைய டிவி கண்டுகொள்ளாமல் விடுவதும், 1 டெராபைட் டிஸ்க்கைச் சிரமமில்லாமல் வாசிப்பதும் இதனால்தான்.

ஃபேட்32இன் தடைகளைத் தாண்டத்தான் 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ் முறையும், 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் முறையும் பயன்படுகின்றன. விண்டோஸின் வழக்கமான ஃபோர்மெட் சாளரம் 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஃபேட்32ஐக் காட்டுவதே இல்லை. அதனால் கணினியில் தயாரான பெரிய டிஸ்க் தானாகவே இந்த இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. பழைய டிவிடி பிளேயருக்கோ ஃபேட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. புதிய டிவிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற இயக்கமுறைமையின் அடிப்படையில் ஓடுகின்றன. எக்ஸ்ஃபேட் முறையின் விவரக்குறிப்பை மைக்ரோசொஃப்ட் 2019இல் வெளியிட்ட பிறகு லினக்ஸுக்குள் அதற்கான நிரல் சேர்ந்தது, ஆகவே புதுப் பெட்டிகளில் நம்பிக்கை அதிகம். மாக் கணினியில் ஏபிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மெட் செய்த டிஸ்க் என்றால் வழக்கமாக எந்த டிவியும் தொடாது. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும் குடும்ப வீடியோக்களில் இதை அடிக்கடி காணலாம். அனுப்புபவரிடம் எக்ஸ்ஃபேட்டில் போடச் சொன்னால் போதும். மாக், விண்டோஸ், புதிய டிவி மூன்றும் அதை வாசிக்கும்.

டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதி உள்ள பெட்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. புது டிஸ்க்கைக் கண்டதும் ‘பதிவுக்குத் தயார்படுத்தவா’ என்று கேட்கும். ஓம் என்று அழுத்தினால் டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழியும். அதன் பிறகு பதிவாகும் நிகழ்ச்சிகளையும் பல பெட்டிகள் மறையாக்கம் செய்து, அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும்படி பூட்டிவிடும். பதிவுக்கென்று தனி டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வேளை டிவி டிஸ்க்கை ஏற்றுக்கொள்ளும், ஆனால் உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டும். பலர் கொப்பி பண்ணும் கடைக் கணினியில் டிஸ்க்கைச் செருகியிருந்தால் ஷோர்ட்கட் வைரஸைச் சந்தேகிக்கலாம். அது கோப்புறைகளை அழிப்பதில்லை. ஒவ்வொன்றின் மீதும் ‘மறைவு’ என்ற அடையாளத்தை வைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலிக் குறுக்குவழியை விடுகிறது. டிவிக்கு விண்டோஸ் வைரஸ் தொற்றாது என்றாலும் சில டிவிகள் மறைவு அடையாளத்தை மதித்து அந்தக் கோப்புறைகளைக் காட்டாமல் விட்டுவிடும். டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 600 ஜிகாபைட் நிரம்பியும் கோப்பு ஒன்றும் தெரியாவிட்டால் எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. வைரஸ் இல்லாத கணினியில் அடையாளத்தை நீக்கினால் அவ்வளவும் திரும்பி வரும்.

சரி, பட்டியல் வந்துவிட்டது, பெயரும் தெரிகிறது, அழுத்தினால் படம் மட்டும் ஓடவில்லை. இப்போது நாம் கோப்பின் உள்ளே போகவேண்டும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவையெல்லாம் பனையோலைப் பெட்டி மாதிரி. பெட்டியைப் பார்த்து உள்ளே இருப்பது பனங்கட்டியா கருவாடா என்று சொல்ல முடியாது. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். 2003இல் வந்த எச்.264 ஏறத்தாழ எல்லா எச்டி டிவியிலும் ஓடும். 2013இல் வந்த எச்.265 அதே தரத்தைப் பாதியளவு இடத்தில் தர முயல்கிறது, ஆனால் அதற்கு முந்திய டிவிகளுக்கு அது புரியாது. டிவியில் இந்தச் சுருக்கத்தை விரிப்பது அதற்கென்றே செதுக்கிய சிப்பில் உள்ள சுற்று. சிப்பில் இல்லாததை எந்த அப்டேட்டாலும் கொண்டுவர முடியாது.

கலியாண வீடியோக்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இப்போதைய நல்ல கமராக்கள், நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் 10 பிட், 4:2:2 என்ற வகையில் பதிகின்றன. நிறத்தைப் பிறகு திருத்துவதற்கு அது தேவை. டிவியின் சிப்போ 4:2:0 என்ற வகையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது, நிற விவரம் அதில் பாதிதான். எடிட் செய்யாத மூலப் பதிவை அப்படியே டிஸ்க்கில் வாங்கினால் டிவியில் கறுப்புத் திரையோ சத்தம் மட்டுமோதான் வரும். மூலத்தை வாங்குவது நல்லதுதான், பத்திரமாக வையுங்கள். கூடவே எச்.264, 8 பிட், 4:2:0, ஒலி ஏஏசி என்று ஒரு எம்பி4 பிரதியும் வீடியோக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு அது எடிட் மென்பொருளில் ஒரு ‘எக்ஸ்போர்ட்’ பொத்தான்தான். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே மாற்றலாம். படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் பெரும்பாலும் ஒலி டிடிஎஸ் வகையாக இருக்கும். அதற்கான உரிமக் கட்டணத்தைத் தவிர்க்கச் சில டிவி நிறுவனங்கள் அந்த வசதியை எடுத்துவிட்டன.

வேகத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், அவசியமில்லை. யூஎஸ்பி 2.0 தாளில் செக்கனுக்கு 480 மெகாபிட், நடைமுறையில் அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தாலும் 24 மெகாபிட் வீடியோவுக்குப் பத்து மடங்கு தாராளம்.

கரண்ட் நின்றால் டிஸ்க் கெடுமா என்று கேட்பவர்களும் உண்டு. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நாட்களைக் கடந்தவர்கள் நாம், கேள்வி நியாயமானது. டிஸ்க்கின் வாசிப்பு முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. கரண்ட் அறுந்ததும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டே மோட்டாரை ஒரு சிறு டைனமோவாக்கி, கிடைக்கும் மின்சாரத்தில் முனையைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துவிடும். இந்த ஏற்பாடு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. படம் பார்க்கும்போது கரண்ட் போனால் அதனால் பெரிய ஆபத்தில்லை. எழுதும்போது போனால்தான் உள்வரைபடம் குழம்பும். என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போவதால் மீள்வது எளிது. ஃபேட்32க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் அந்தக் குறிப்பேடு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைக் கையில் தூக்கித் திருப்புவது மின்வெட்டைவிடக் கெடுதல்.

கடைசியாக, தமிழ் எழுத்து. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் டிவியில் வெறும் கட்டங்களாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் டிஸ்க்கில் சரியாகவே இருக்கிறது, எல்லா மொழிகளுக்குமான யூனிகோட் எழுத்தை ஃபேட்32 முறைகூடத் தாங்கும். டிவிக்குள் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்துரு இருந்தும் குழம்புவது இன்னொரு வகை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அதன் பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவர எழுத்தை அடுக்கும் நிரல் ஒன்று வேண்டும். அது இல்லாத பிளேயரில் கொம்பு பின்னால் தொங்கும், சப்டைட்டிலை வாசிக்க முடியாது. சப்டைட்டில் கோப்பை, யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, படத்தின் பெயரையே அதற்கும் வைத்துப் பாருங்கள். அப்படியும் கட்டங்கள்தான் வந்தால், கணினியில் சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே பதித்து ஒரு பிரதி எடுங்கள். அதற்குப் பிறகு அது எழுத்தாக இல்லாமல் படத்தின் பகுதியாகவே ஆகிவிடுவதால், எந்தப் பழைய பெட்டியிலும் தமிழ் தெளிவாக வரும்.