பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாட்டு

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறந்த விரிவுரைக் கூடம் யாருக்கும் பயன்படவில்லை. பேசிய சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து அதன்மேல் விழுந்தன. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். கடைசியில் கிடைத்த விதி எளிது: அறையின் கனஅளவு கூடினால் எதிர்முழக்கம், அதாவது ஒலி அடங்காமல் நிற்கும் நேரம், நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும்.

இதை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். கான்கிரீட், பூச்சுச் சுவர், டைல்ஸ் எல்லாமே தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். காலி அறையில் ஒலி அடங்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். பாட்டுக் கேட்க அரை விநாடி போதும். கட்டில், மெத்தை, தடித்த திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், புத்தகம் நிறைந்த அலமாரி என்று சேரச் சேர வித்தியாசம் உடனே தெரியும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. அந்த மெல்லிய அட்டை எதையும் பெரிதாக உறிஞ்சாது.

பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிக்குத் திரைச்சீலையும் உதவாது. நம் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி கச்சிதமாகப் பொருந்தும். போன அலையும் திரும்பிய அலையும் சேர்ந்து அங்கேயே நிலைத்துவிடும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அதாவது கிட்டத்தட்ட அதே இடம். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அந்த ஸ்வரம் 'தும்' என்று காதை அடைக்கும். நடு அறையில் இருப்பவருக்கு அநேகமாகக் கேட்கவே கேட்காது. நம் அறையில் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் தொல்லை இரட்டிப்பு. நல்ல ஸ்பீக்கர் வாங்கியும் 'பேஸ் சரியில்லை' என்று பலர் புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான். விலை கூடிய கேபிள் இதற்கு ஒன்றும் செய்யாது. நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் ஏதாவது நடக்கும்.

ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் மூன்று பரப்புகள் சேர்ந்து பேஸைத் தூக்கிவிடும். கொஞ்சம் வெளியே இழுங்கள். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளை எழுப்பும் சிறு பகுதி, காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக அமைந்தால் பாடகர் குரல் நடுவிலிருந்து வரும்.

அப்புறம் சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் பெட்டி. அதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. நீங்கள் உட்காரும் இடத்திலேயே அதை வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினால் அதே சீர் கிடைக்கும். ஒலி போகும் பாதையில் பெட்டியும் காதும் இடம் மாறினாலும் விளைவு மாறாது என்பதுதான் காரணம். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.